கழிவு போக

பங்குனி வெயிலில் எலுமிச்சம்பழம் ஒன்று பத்து ரூபாய்க்கு விற்கும் என்பது இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட பழத்தில் நான்கை வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, மாசியிலிருந்து காயவிட்டது ரேணுகாம்பாளுக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை. அவர் என்னிடம் முகம் சுளித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். நல்ல பெண்மணி. அவர் செத்துப்போனது பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் ரைட்டர் தங்கமான மனிதர்தான். ஆனால் என் பெயரை ‘ஆதிமுலம்’ என்று எழுதினார். ஒரு சுழி விட்டுப்போனாலும் ரசீது செல்லாது, நான் அப்படிப் பழகியவன். மற்றபடி ஸ்டேஷனில் குறை ஒன்றுமில்லை. டீயில்தான் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி.

நான் ஆதிமூலம். வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுப்பது தொழில். ஆடிட்டர் படிப்பு படித்தவன் இல்லை. ஊர் என்னை ஆடிட்டர் என்கிறது, நானும் மறுப்பதில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி மலைநிழல் அன்னசேவை அறக்கட்டளை இருக்கிறதே, தினமும் மதியம் சாமியார்களுக்கும் வயதானவர்களுக்கும் சோறு போடுகிற இடம், அதன் பொருளாளரும் நான்தான். பொருளாளர் என்று பெயர். ஆனால் பொருளாக எதையும் வாங்க மாட்டேன், பணமாக மட்டும்தான் வாங்குவேன். இது ஏன் என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

தர்மம் செய்தால் புண்ணியம் என்று நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிறகு அரசாங்கம் அதில் ஒரு திருத்தம் செய்தது. திருத்தத்தின் பெயர், வருமான வரிச் சட்டத்தின் எண்பது ஜி. எங்களைப் போன்ற அறக்கட்டளைக்கு நீங்கள் கொடுத்ததில் பாதியை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு, மீதிக்கு வரி கட்டினால் போதும். அதற்குப் பெயர் கழிவு. ஆனால் ரொக்கமாக இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசியாக, பருப்பாக, வேட்டியாக, வண்டியாகக் கொடுத்தால் ஒரு பைசாகூடக் கழிவு இல்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கருணை காட்டினால், மிச்சக் கருணைக்குக் கழிவு இல்லை. மார்ச் கடைசி நாள் கொடுத்தால் இந்த வருடக் கணக்கு, மறுநாள் கொடுத்தால் அடுத்த வருடக் கணக்கு. புதிய வரி முறைக்குப் போய்விட்டவருக்கு இது எதுவுமே கிடையாது. அவர் சும்மா கொடுக்க வேண்டியதுதான்.

சும்மா கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ரமணாசிரமம் பக்கம் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து சாமியார்கள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். ரசீது என்று ஒன்று இருப்பதே தெரியாத ஜனங்கள்.

மற்றவர்களுக்கு இரக்கம் மார்ச் மாதத்தில்தான் சுரக்கும். அந்த மாதம் எங்கள் சாம்பாரில் முருங்கைக்காய் மிதக்கும், பாயசத்தில் முந்திரி இருக்கும். ஏப்ரலில் வந்து பாருங்கள், பருப்பைத் தேட வேண்டும். சாமியார்களுக்கே இது பழகிவிட்டது. ‘வருஷக் கடைசியா ஆடிட்டரே?’ என்று பாயசத்தைப் பார்த்ததும் கேட்பார்கள். மத காரியத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. எங்கள் வாசல் பிள்ளையாருக்கு அதற்குள்தான் விளக்கெண்ணெய். அவரும் அனுசரித்துப் போகிறார்.

நான் விதியைக் கிண்டல் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். விதியால்தான் அங்கே அடுப்பு எரிகிறது. ஒரு நகைக்கடைக்காரர் ரொக்கத்தை இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் பிரித்து, குடும்பத்தார் பெயரில் எல்லாம் ரசீது கேட்டார். அதில் சிலர் காலமானவர்கள். மாட்டேன் என்றுவிட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மண்ணாங்கட்டி என்ற விவசாயி ஒரு மூட்டை வேர்க்கடலையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். விற்றுப் பணமாக்கி வங்கி மூலம் அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பினேன். விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது, அவருக்குக் கழிவு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியும். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. அந்த மூட்டையை ரேணுகாம்பாள் பின்வாசல் வழியாக வாங்கி வைத்துக்கொண்டார் என்பதை அடுத்த வாரம் சட்னியில் கண்டுபிடித்தேன்.

ரேணுகாம்பாள் எங்கள் சமையல்காரர். கணவர் இல்லை. ஒரே மகள் அபிநயா, நர்சிங் படிக்கிறாள். பௌர்ணமி அன்றைக்கு ரேணுகாம்பாள் சம்பளம் வாங்க மாட்டார், அது சாமி வேலை என்பார். உழைப்பாகக் கொடுத்தாலும் கழிவு கிடைக்காது என்று ஒருமுறை உட்காரவைத்து விளக்கினேன்.

“கழிவுன்னா இன்னா ஐயா, காய் நறுக்கிட்டுத் தூக்கிப் போடறமே, அதுவா?” என்றார்.

“இல்லம்மா. வருமானத்துல கழிச்சுக்கறது.”

“எனக்கு வர்றதுல கழிக்க இன்னா கீது? நவுருங்க ஐயா, ரசம் பொங்குது.”

அந்த ரசத்தை நான் தினமும் டிபன் கேரியரில் வீட்டுக்கு எடுத்துப் போவேன். இலவசமாக இல்லை, மாதா மாதம் அதற்குப் பணம் கட்டிவிடுவேன்.

இனி வண்டி. கீழ்பென்னாத்தூரில் அரிசி மில் வைத்திருக்கும் கோதண்டராமன் என்னிடம் வரிக் கணக்குப் போடும் பழைய கட்சிக்காரர். அவருடைய தாயார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தவர். அது அவர் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் மாசியில் வந்து நின்றார்.

“ஆடிட்டரே, அம்மா பேர்ல ஒரு வேன் வாங்கி ஆம்புலன்ஸா மாத்திட்டேன். நம்ம அன்னசேவையில விட்டுடறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டத்துல யாராச்சும் ஒருத்தர் விழுந்துடறாங்க. ரோட்டை அடைச்சிடறாங்க, வெளியிலேருந்து வண்டி உள்ள வர்றதுக்குள்ள ஆள் போயிடுது.”

நல்ல எண்ணம்தான். ஆனால் கேட்காமல் வாங்கிவிட்டார். வேன் என்பது பொருள். பொருளுக்குக் கழிவு இல்லை. நல்ல எண்ணம் படைத்தவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது, முதலில் செய்துவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் வருவார்கள்.

நான் ஒரு வழி சொன்னேன். வண்டி அவர் பெயரிலேயே இருக்கட்டும். அவர் எங்களுக்கு வங்கி மூலம் நன்கொடை கொடுக்கட்டும். அந்தப் பணத்தில் அறக்கட்டளை அவருடைய வண்டியை அவரிடமிருந்தே விலைக்கு வாங்கும். பணம் ஒரு சுற்று சுற்றிவிட்டு அவரிடமே போய்ச் சேரும், கிரிவலம் மாதிரி. வண்டி எங்களிடம் இருக்கும், ரசீது அவரிடம் இருக்கும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அந்த வருடத்துக்கு உண்டான பத்தில் ஒரு பங்கை அவர் ஏற்கெனவே ஒரு கல்லூரி அறக்கட்டளைக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார். ஆகவே எல்லாமே ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் நடக்க வேண்டும். அவருக்கு மிச்சமாவது மிஞ்சிப்போனால் இரண்டு லட்சம். தொகை முக்கியமில்லை. செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

மில்லில் நிறுத்தினால் நெல்தூசி படியும் என்று வண்டியை எங்கள் ஷெட்டில் நிறுத்தினோம். நிறுத்திக்கொண்டோம், வாங்கிக்கொள்ளவில்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் இருக்கக் கோதண்டராமனுக்கு மனசு கேட்கவில்லை. சந்தனம், குங்குமம், மாலை, தேங்காய், நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம். பழங்கள் ரேணுகாம்பாள் சமையலறையிலிருந்து கொடுத்தவை. வண்டி ஓட்டுவதற்கென்று சர்தார் பாயைப் பேசிவைத்திருந்தோம். அவர் குடும்பம் பல தலைமுறையாக டவுனில் இருப்பது, நிதானமான டிரைவர். அவர் ஏறி உட்கார்ந்து, பழத்தை நசுக்க வண்டியைக் கிளப்பப் போனார். நான் கையை நீட்டித் தடுத்தேன். பழம் நசுங்கினால் வண்டி ஓடியது என்று ஆகும். ஓடினால் நாங்கள் வாங்கிக்கொண்டது என்று ஆகும். வாங்கிக்கொண்டால் பொருளாக வாங்கியது என்று ஆகும். பொருளாக வாங்கினால் கழிவு போச்சு.

“அப்ப பழம் நசுங்கறவரைக்கும் வண்டி நம்மது இல்லியா சார்?” என்று சர்தார் பாய் சிரித்தார்.

“நீங்க நல்லாப் புரிஞ்சுக்கிட்டீங்க” என்றேன். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

பழங்கள் அப்படியே இருந்தன. வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது. நான் தினமும் மாலையில் குனிந்து பழங்களைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுத்து, தோல் இறுகிக்கொண்டே வந்தது. சாவியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பங்குனி பௌர்ணமி மார்ச் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே வந்துவிட்டது. அது யார் குற்றமும் இல்லை. சந்திரனுக்கு நிதியாண்டு கிடையாது.

காலையிலிருந்தே பாதை நிறைய ஜனம். அன்றைக்கு எலுமிச்சை சாதம். காலையில் ஷெட்டைக் கடந்து போகும்போது ரேணுகாம்பாள் என்னிடம், “கூடை பழம் வெலை குடுத்து வாங்கியாந்தேன் ஐயா. நாலு பழம் அங்க சும்மா காஞ்சு கெடக்குது” என்று முணுமுணுத்தார். அதுதான் எங்களுக்குள் நடந்த கடைசி வாக்குவாதம் என்று வைத்துக்கொள்ளலாம். பதினோரு மணி வாக்கில் தாளிக்கும்போது அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பரிமாற வந்திருந்த அபிநயா என் அறைக்கு ஓடி வந்தாள்.

“சார், அம்மாவுக்கு நெஞ்சு வலி. இடது கை மரத்துப் போச்சுன்னுது. வேர்த்துக் கொட்டுது. ஹார்ட் அட்டாக் சார், எனக்குத் தெரியும். வேனை எடுக்கச் சொல்லுங்க சார்.”

“ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கேம்மா” என்றேன்.

அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை. பதற்றத்தில் இருப்பவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆகவே இன்னொரு முறை, மெதுவாக, கழிவில் ஆரம்பித்து விளக்கினேன். பாதியிலேயே ஓடிவிட்டாள். அவளுக்குப் பதில் சர்தார் பாய் வந்தார்.

“சார், அந்தம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. சாவி குடுங்க சார். சைரன் போட்டா கூட்டம் வழி விடும். அரை மணியில டவுன் ஆஸ்பத்திரி போயிடலாம்.”

“வண்டி நம்மது இல்லையே, பாய்.”

“அல்லா பேர்ல சொல்றேன் சார், யாருக்குத் தெரியப்போவுது?”

இங்கேதான் படிக்காதவர்கள் தப்புக் கணக்கு போடுகிறார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் கோதண்டராமனின் தாயார் பெயர், கீழே எங்கள் அறக்கட்டளையின் பெயர், முழ உயரத்தில் சிவப்பு எழுத்து. பாதையில் லட்சக்கணக்கில் ஜனம், ஆளுக்கொரு போன். எவனாவது ஒருவன் படம் எடுத்துப் போடுவான். படத்தில் தேதி இருக்கும். நாளைக்கே ஓர் அதிகாரி கூப்பிட்டு, ஏப்ரலில் விலைக்கு வாங்கிய வண்டி மார்ச்சில் எப்படி ஓடியது என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? இந்த ஊரில் நான் போட்ட ரசீது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒன்று திரும்பி வந்தால் நன்கொடையாளர்கள் நகர்ந்துவிடுவார்கள். பிறகு தினமும் முந்நூறு பேர் பட்டினி. ஒருவருக்காக முந்நூறு பேரைப் பட்டினி போடலாமா என்று அந்த இடத்தில் நின்று நியாயமாக யோசித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

பாயோடு தர்க்கம் பண்ண நேரமில்லை என்பதால், “சாவி கீழ்பென்னாத்தூர்ல கோதண்டராமன்கிட்ட இருக்கு” என்றேன்.

“அப்ப அவருக்குப் போன் போடுங்க சார், யாரையாவது பைக்ல...”

“டவர் இல்லை.”

பௌர்ணமி அன்றைக்கு அங்கே டவர் கிடைக்காது என்பது ஊருக்கே தெரியும். அபிநயாவின் போனில் மட்டும் கிடைத்தது. அவள் ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். அனுப்புகிறோம், கூட்டத்தைத் தாண்டி உள்ளே வர நேரமாகும் என்று சொன்னார்களாம். காய்கறி இறக்க வந்த சரக்கு வண்டி ஒன்று வாசலில் நின்றிருந்தது. அதில் கோணிச் சாக்குகளை விரித்து ரேணுகாம்பாளைப் படுக்கவைத்தார்கள். அபிநயா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், சர்தார் பாய் ஓட்டினார்.

எனக்கு மனசு சரியில்லை. மனசு சரியில்லாதபோது மலையைச் சுற்றுவது என் வழக்கம். செருப்பைக் கழற்றி ஷெட்டில் விட்டேன், போனை அணைத்தேன். மௌன கிரிவலம், முடியும்வரை யாரிடமும் பேசக் கூடாது. ரேணுகாம்பாளுக்காக வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனி மத்தியானத்துத் தார் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாயு லிங்கம் தாண்டுவதற்குள் பாதம் தீய்ந்துபோயிற்று. குபேர லிங்கத்தை நெருங்கும்போது கூட்டம் நகரவே இல்லை. அங்கே எப்போதும் அப்படித்தான். மற்ற லிங்கங்களில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடப்பவர்கள்கூட, பணம் தரும் குபேரனிடம் நின்று நிதானமாகப் பேசிவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அந்தச் சரக்கு வண்டி சிக்கி நின்றது. சர்தார் பாய் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். காய்கறி வண்டியின் ஹாரனுக்கு யார் வழி விடுவார்கள்? தண்ணீர் பாட்டில் விற்க வந்ததாக நினைத்து ஒருவர் விலைகூடக் கேட்டார்.

வண்டி இன்ச் இன்ச்சாக நகர்ந்தது. நானும் அதே வேகத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் நாங்கள் ஒன்றாகவே போனோம் என்று சொல்லலாம். அபிநயா துப்பட்டாவால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“ஆதிமூலம் சார்! ஆதிமூலம் சார்!”

அந்தச் சரக்கு வண்டிக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். குட்டியானை. முதலை காலைக் கவ்வியபோது யானை ‘ஆதிமூலமே’ என்று கூப்பிட்டதாம், கடவுள் போட்டது போட்டபடி ஓடி வந்தாராம். என் அப்பா அந்தக் கதையை நினைத்துத்தான் எனக்கு இந்தப் பெயரை வைத்தார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்புக்கூட வந்தது. கடவுளுக்கு வசதி, எந்தத் தேதியில் வேண்டுமானாலும் யாரையும் காப்பாற்றலாம்.

நான் மௌனத்தில் இருந்தேன். கை கூப்பினேன். ரேணுகாம்பாள் தலையைத் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

“அடுப்பை அணைக்கலீங்க ஐயா. சாதம் அடிபுடிச்சிடும். யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க.”

தலையசைத்தேன். பிறகு கூட்டம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுற்றை முடித்து நான் அடி அண்ணாமலை வந்து சேர்ந்தபோது அடுப்பு தானாகவே அணைந்திருந்தது. சாதம் அடிபிடித்துத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மாலையில் சர்தார் பாய் மறுபடி வந்தார். உடம்பையாவது நம் வேனில் கொண்டு வரலாமா என்று கேட்டார். அப்போதும் ஒண்ணாந்தேதி ஆகவில்லை. உயிருள்ளவருக்கு மறுத்ததை உயிரில்லாதவருக்குக் கொடுத்தால் அது எந்த ஊர் நியாயம்? வாடகை வண்டிக்கு என் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் தேதி கோதண்டராமன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அபிநயாவையும் நானே கூப்பிட்டிருந்தேன், அவள் கையால் தேங்காய் உடைக்கட்டும் என்று. தார்ப்பாயை விலக்கினோம். சர்தார் பாய் வண்டியைக் கிளப்பினார். பழங்கள் நசுங்கவில்லை. கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிப்போயிருந்தவை சக்கரத்துக்கு அடியிலிருந்து தெறித்து ஓடின. ஒன்று உருண்டு வந்து அபிநயாவின் காலடியில் நின்றது. அவள் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் நன்கொடையைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

“அதான் ஆடிட்டரே, உங்களாண்ட சொல்லணும்னு இருந்தேன்” என்றார் கோதண்டராமன். “பையன் கணக்குப் போட்டுப் பாத்தான். புது முறைக்குப் போனாதான் நமக்கு லாபமாம். அதுல கழிவு கிழிவு ஒண்ணும் கிடையாதாம். அதனால ரசீது வேணாம். வண்டியை வண்டியாவே வெச்சுக்கங்க.”

எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது. இத்தனை நாள் பழங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முறையை மாற்றிவிட்டார்கள்.

அப்போதுதான் சர்தார் பாய் கோதண்டராமனிடம், ரொம்பப் பணிவாக, “அன்னிக்கு சாவி மட்டும் உங்ககிட்ட இல்லாம இங்க இருந்திருந்தா அந்தம்மா பொழைச்சிருக்கும் சார்” என்றார்.

“எங்கிட்டயா?” என்றார் கோதண்டராமன். “மாசியிலயே ரெண்டு சாவியும் ஆடிட்டர் கையில குடுத்துட்டனே பாய். ஏன், அன்னிக்கு எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, எடுத்துட்டு ஓடுங்கடான்னு சொல்லியிருப்பேனே. எங்கம்மா போன மாதிரி இன்னொரு அம்மா போகக் கூடாதுன்னுதானே வண்டியே வாங்கினேன்.”

அபிநயா கையில் இருந்த பழத்தை வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியில் பழையபடி வைத்துவிட்டு, நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்துவிட்டாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ரேணுகாம்பாள் சாய்ந்து உட்கார்ந்தபோது இரண்டு சாவியும் என்னிடம்தான் இருந்தன. ஒன்று மேஜை இழுப்பறையில், இன்னொன்று என் இடுப்பில், வேட்டி முடிச்சில். டவர் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன், கோதண்டராமனின் எண்ணை அழுத்தவில்லை. அழுத்தினால் அவர் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். பிறகு நான் மறுக்க முடியாது. குபேர லிங்கத்தின் அருகில் அந்தப் பெண் என் பெயரைக் கூப்பிட்டபோதும் சாவி இடுப்பில்தான் இருந்தது. திரும்பி ஷெட்டுக்கு ஓடியிருந்தால் வண்டியைக் கொண்டு வந்திருக்கலாம். ஓடவில்லை. சுற்றைப் பாதியில் விட்டால் பலன் இல்லை என்பார்கள். ரேணுகாம்பாளைக் கொன்றது நெஞ்சு வலி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதியதில் பிழை இருக்கிறது. அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், சுழியோடு.

என்ன தண்டனை என்றாலும் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன், பேரம் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அன்றைக்குச் சாவியின் முனை இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வலியோடு, கொதிக்கும் ரோட்டில், வெறுங்காலில், தண்ணீர்கூடக் குடிக்காமல் மலையை முழுதாகச் சுற்றினேன். பாதம் இரண்டும் கொப்பளித்துவிட்டது, வேண்டுமானால் காட்டுகிறேன். அதை என் தண்டனையில் கழித்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறதா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லவும்.